தாடை பிளந்த பாம்புக்கு ஒரு தனிக் குடும்பம்

மொரீசியஸின் வடகோடிக்கு அப்பால், கடலில் சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் ரவுண்ட் தீவு இருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான அந்தப் பாறை மேட்டின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர்தான். ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு பாம்பினங்களுக்கு அந்த மேடுதான் கடைசிப் புகலிடமாக இருந்தது. ஒன்றின் அறிவியல் பெயர் கசாரியா டுசுமியேரி. மற்றொன்று பொலியேரியா மல்டோகாரினாட்டா. இரண்டையும் போவா என்றே அழைத்துவந்தார்கள். இன்றைய வகைப்பாட்டின்படி இரண்டுமே போவாக்கள் அல்ல. இந்த முடிவுக்கு வந்து சேர அறிவியலுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பொலியேரியாவை 1827இல் விவரித்தவர் போயி என்ற ஜெர்மானிய ஆய்வாளர். அவர் அதை எரிக்ஸ் என்ற பேரினத்தில் வைத்தார். தமிழ்நாட்டு வயல்களில் காணப்படும் மண்ணுளிப் பாம்பின் பேரினமும் அதுதான். மண்ணைத் துளைத்து வாழ்வதற்கேற்ற உடலமைப்பு இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்ததால், அன்றைக்கு அது நியாயமான முடிவாகவே இருந்திருக்கும். பாம்பின் பிறப்பிடத்தைக்கூட ஆஸ்திரேலியாவின் போர்ட் ஜாக்சன் என்று தவறாகப் பதிவுசெய்திருந்தார்கள். கப்பல்களில் கைமாறி வந்த பாடம் செய்த உடல்களை வைத்து ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் வேலை செய்த காலம் அது. இத்தகைய பிழைகள் அப்போது சாதாரணம்.

கசாரியா 1837இல் ஹெர்மன் ஷ்லேகல் வழியாக அறிவியலுக்கு அறிமுகமானது. அவர் அதை நேரடியாக போவா பேரினத்திலேயே சேர்த்து, பிரெஞ்சுக் கடல்வணிகரும் உயிரினச் சேகரிப்பாளருமான டுசுமியேவின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் ஓணானின் அறிவியல் பெயரிலும் இதே மனிதரின் பெயர்தான் இருக்கிறது. 1842இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே இரண்டு பாம்புகளுக்கும் தனித்தனிப் பேரினங்களை வகுத்தார். ஆனாலும் அவை போவா குடும்பத்துக்குள்ளேயே நீடித்தன.

அவற்றின் உடற்கூறு அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. போவாக்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும் வால் தொடங்கும் இடத்தில் சிறு நகம் போன்ற முட்கள் உண்டு. முன்னோர்களின் பின்னங்கால்கள் விட்டுச்சென்ற எச்சம் அது. ரவுண்ட் தீவுப் பாம்புகளில் அந்த முட்களும் இல்லை. உள்ளே இடுப்பெலும்பின் அடையாளமும் இல்லை. போவாக்களின் இடது நுரையீரல் ஓரளவு பெரிதாகவே இருக்கும். இவற்றில் அது மிகவும் சுருங்கிவிட்டது. போவாக்களில் பெரும்பாலானவை குட்டி போடுபவை, கசாரியா முட்டையிடுகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மேல்தாடை. பாம்பின் வாயில் வெளிப்புறப் பல்வரிசையைத் தாங்கும் மேல்தாடை எலும்பு பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். பல்லியானாலும் பறவையானாலும் மனிதரானாலும் ஒவ்வொரு பக்கத்திலும் அது ஒரே எலும்புதான். இந்த இரண்டு பாம்புகளில் மட்டும் அது கண்ணுக்குக் கீழே முன்துண்டு, பின்துண்டு என இரண்டாகப் பிரிந்து, நடுவில் அசையும் மூட்டோடு அமைந்திருக்கிறது. நிலத்தில் வாழும் முதுகெலும்பிகளில் வேறெதற்கும் இப்படி ஒரு மூட்டு கிடையாது.

இந்த அமைப்பு பரிணாம ஆய்வில் ஒரு பெரிய விவாதத்தையே கிளப்பியது. எலும்பு ஒன்றாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம். பாதி உடைந்த நிலையில் ஒரு பாம்பு எப்படி வாழ்ந்திருக்க முடியும்? எனவே இந்த மாற்றம் சிறுகச் சிறுக வராமல் ஒரே தாவலில் வந்திருக்கலாம் என்ற கருத்தை 1970இல் தாமஸ் ஃப்ராசெட்டா விவாதத்துக்கு வைத்தார். எலும்பின் நடுப்பகுதி மெல்ல மெலிந்து, வளைந்துகொடுத்து, பிறகு மூட்டாகியிருக்கலாம் என்பது மறுதரப்பின் வாதம். மூட்டின் பயன் பற்றி 1989இல் கண்டல், ஐரிஷ் ஆகிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். கசாரியாவின் இரை அரணைகளும் பல்லிகளும். அரணையின் உடல் உருண்டையானது, வழுவழுப்பானது, கெட்டிச் செதில்கள் போர்த்தியது, கவ்வினால் நழுவிவிடும். தாடை நடுவில் மடிந்தால் பற்கள் அந்த உருளையைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேறுபாடுகளை வகைப்பாட்டில் முதன்முதலில் அழுத்தமாகப் பதித்தவர் பிரெஞ்சு தொல்லுயிரியலாளர் ராபர்ட் ஹோஃப்ஸ்டெட்டர். 1946இல் அவர் இரண்டு பேரினங்களையும் பொலியேரினே என்ற துணைக்குடும்பமாகப் பிரித்தார். மொரீசியஸ் பெருந்தீவில் கிடைத்த பழைய எலும்புகள் மூலம், இந்தப் பாம்புகள் முன்பு அங்கும் வாழ்ந்தது தெரியவந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் துணைக்குடும்பத்தைப் பொலியேரிடே என்ற முழுக் குடும்பமாக உயர்த்தினார்கள்.

அடுத்த கேள்வி, இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் யார் என்பது. எலும்பும் செதிலும் அதற்குத் தெளிவான பதில் தரவில்லை. பதில் மரபணுவிலிருந்து, யாரும் எதிர்பாராத திசையில் வந்தது. மலேசியாவில் முள்தாடைப் பாம்புகள் எனப்படும் இரண்டு சிறிய இனங்கள் உண்டு. ஒன்று போர்னியோவின் சபாவில் கிடைத்தது, மற்றொன்று தீபகற்பத்தின் சிலாங்கூரில். 1995இல் அவை தலா ஒரே ஒரு மாதிரியை வைத்தே விவரிக்கப்பட்டன. 2004இல் வெளியான மரபணு ஒப்பீடு, கசாரியாவுக்கு மிக நெருங்கிய உறவு இவைதான் என்று காட்டியது. நடுவில் இந்தியப் பெருங்கடல் முழுவதும் கிடக்கிறது. மொரீசியஸ் கடலிலிருந்து எழுந்தே சுமார் 80 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த இரு கிளைகளும் பிரிந்ததோ பல கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே இந்தப் பரம்பரை வேறெங்கோ தோன்றி, கடல் கடந்து தீவுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்த வழியில் இருந்த சொந்தங்கள் எல்லாம் மறைந்துவிட்டன.

வகைப்பாட்டில் நேர்ந்த இந்த மாற்றம் பெயர்ப்பலகை மாற்றமாக நின்றுவிடவில்லை. போவா குடும்பத்தில் பல டஜன் இனங்கள் உண்டு; அதில் ஒன்று அழிந்தால் அந்தப் பரம்பரை தொடரும். பொலியேரிடேயில் இருந்தவை இரண்டே இனங்கள். 19ஆம் நூற்றாண்டில் ரவுண்ட் தீவில் விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தன. பிடிமானம் இழந்த மண்ணை மழை கடலுக்குள் கொண்டுபோனது. மண்ணுக்குள் வாழ்ந்ததாகக் கருதப்படும் பொலியேரியாவுக்கு அதுவே முடிவாயிற்று. 1975இல் கண்ணில் பட்டதுதான் கடைசி. இன்று அது அழிந்த இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

பனை இலைக் குவியல்களிலும் பாறை இடுக்குகளிலும் ஒதுங்கக்கூடிய கசாரியா தப்பிப் பிழைத்தது. 1970களில் இயற்கைப் பாதுகாவலர் ஜெரால்ட் டரலின் குழு சில பாம்புகளை ஜெர்சி தீவுக்கு எடுத்துச்சென்று இனப்பெருக்கம் செய்ய முயன்றது; பிறகு அது பலித்தது. தீவிலிருந்த கடைசி ஆடுகள் 1979இலும் முயல்கள் 1986இலும் அகற்றப்பட்டன. பனைகள் மீண்டும் முளைத்தன, அரணைகள் பெருகின, பாம்பும் பெருகியது. ஒரே தீவில் ஒரே ஒரு புயலோ தீயோ ஒரு குடும்பத்தையே முடித்துவிடலாம் என்பதால், 2012இல் 60 கசாரியாக்கள் எலிகள் ஒழிக்கப்பட்ட, மொரீசியஸை ஒட்டிய கன்னர்ஸ் குவாயின் தீவில் விடப்பட்டன. அவற்றுக்கு இரையாக டெல்ஃபேர் அரணைகளைச் சில ஆண்டுகள் முன்பே அங்கு குடியேற்றியிருந்தார்கள்.