கல்லாவி பக்கம் கள்ளுக்கடை காணாமல் போனது எப்படி? 1937 முதல் இன்று வரை முழு விவரம்

ஊத்தங்கரை:

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை அருகே உள்ளது கல்லாவி. ஊர் பேரிலேயே 'கல்' இருக்கிறது. ஆனால் 'கள்' மட்டும் எங்கே தேடினாலும் கடையில் கிடைக்காது!

சுற்றுவட்டாரத்தில் பனை மரம் இருக்கிறது. ஓடைக்கரையில் ஈச்ச மரம் இருக்கிறது. மரம் இருந்தும் கள்ளுக்கடை இல்லை. இன்றைக்கு 38 வயதுக்குள் இருக்கும் யாரும் தமிழ்நாட்டில் லைசென்சு வாங்கி நடந்த கள்ளுக்கடையை கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

ஓசூர், பெங்களூரு பக்கம் கட்டிட வேலை, கம்பெனி வேலை என்று போய் உழைக்கிறவர்கள் வார கடைசியில் ஊர் திரும்பும்போது நேராக போய் நிற்பது டாஸ்மாக் வாசலில்தான்.

கள்ளுக்கடை ஏன் மூடினாங்க? யார் மூடினது? மறுபடியும் திறப்பாங்களா? டீக்கடையில் அடிக்கடி அடிபடும் இந்த கேள்விகளுக்கு விடை இதோ:

முதல் பூட்டு நம்ம மாவட்டத்தில்தான்!

இந்தியாவுக்கே வழிகாட்டியாக மதுவிலக்கு வந்த இடம் நம்ம பகுதிதான் என்பது பலருக்கு தெரியாது.

1937-ம் ஆண்டு ராஜாஜி சென்னை மாகாண முதல்வர் (அப்போது 'பிரதமர்' என்று பெயர்) ஆனார். அவர் பிறந்தது ஓசூர் அருகே உள்ள தொரப்பள்ளி கிராமம். அந்த காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, கல்லாவி எல்லாமே சேலம் மாவட்டம்தான். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல். கிருஷ்ணகிரி தனியாக பிரிந்தது 2004-ல்.

ஆட்சிக்கு வந்த சில மாதத்திலேயே, 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை கொண்டு வந்தார் ராஜாஜி. சொந்த மாவட்டத்தில் முதலில் செய்து காட்டுவோம் என்பது அவர் எண்ணம். ஒரே நாளில் மாவட்டம் முழுக்க கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையும் மூடப்பட்டன.

ராஜாஜி இதை திடீரென்று செய்யவில்லை. அதற்கு முன்பே திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்து, குடிக்கு எதிராக 'விமோசனம்' என்ற மாத பத்திரிகையே நடத்தியவர் அவர். 1921-ல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பில் இருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை பெரியார் வெட்டி சாய்த்ததும் இதே போராட்டத்துக்காகத்தான்.

விற்பனை வரி வந்த கதை

வெள்ளைக்காரன் காலத்தில் கள் என்பது அரசாங்கத்துக்கு பெரிய வருமானம். 1886-ம் ஆண்டு சென்னை அப்காரி சட்டப்படி, கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் 'மரவரி' கட்ட வேண்டும். கடையை ஏலம் எடுத்தவன் தனியாக பணம் கட்ட வேண்டும். ஆக, மரத்திலும் காசு, கடையிலும் காசு.

கடையை மூடியதும் இந்த வருமானம் போச்சு. அதை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939-ல் கொண்டு வந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே முதல் முறையாக இந்த வரியை போட்டது சென்னை மாகாணம்தான்.

கள்ளு குடிக்கிறவன் மட்டும் கட்டி வந்த காசை, கள்ளை தொடாதவனும் கட்ட ஆரம்பித்தது அப்போதிருந்துதான்!

திறப்பதும் மூடுவதும்...

அதன் பிறகு நடந்தது கண்ணாமூச்சி ஆட்டம்.

* 2-ம் உலகப்போர் நேரத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

* 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

* 1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தள்ளி வைக்கப்பட்டு, கள்ளு, சாராயக்கடைகள் திறக்கப்பட்டன. 1973-ல் கள்ளுக்கடையும், 1974-ல் சாராயக்கடையும் மறுபடி மூடப்பட்டன.

* 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தார்கள்.

* 1987 ஜனவரி 1-ந் தேதி எம்.ஜி.ஆர். அரசே கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை போட்டது. அன்று விழுந்த பூட்டு கள்ளுக்கடைக்கு இன்றுவரை திறக்கவில்லை.

* 1990-ல் கருணாநிதி ஆட்சியில் மலிவு விலை மது வந்தது. 1991-ல் ஜெயலலிதா முதல்வரானதும் அதை நிறுத்தினார்.

இதற்கு நடுவில் 1983-ல் உருவானதுதான் டாஸ்மாக். முதலில் மொத்த வியாபாரம் மட்டும் செய்தது. 2003 நவம்பர் மாதம் சில்லரை கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. ஏலத்தில் தனியார் நடத்தி வந்த பிராந்திக்கடை எல்லாம் டாஸ்மாக் ஆனது அப்போதுதான்.

கள்ளுக்கடை எப்படி இருந்தது?

கீற்றுக்கொட்டகை. மண் பானை. பனை ஓலையை மடித்து கட்டிய பட்டை. தொட்டுக்க சுண்டல், மொச்சை, கருவாடு. இவ்வளவுதான் பழைய கள்ளுக்கடை.

பனையிலும் தென்னையிலும் பாளையை சீவி கலயம் கட்டுவார்கள். ஈச்ச மரத்தில் பாளையை அல்ல, உச்சிப்பக்கம் தண்டை சீவி வடிப்பார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. அது பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் தானாகவே நொதித்து சில மணி நேரத்தில் கள் ஆகிவிடும்.

அதே மரம், அதே கலயம். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கேஸ்! சட்டம் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது.

கள்ளை வைத்திருந்து விற்க முடியாது. காலையில் இறக்கியது சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடி ஆகிவிடும். அதனால் மரம் இருக்கும் ஊரிலேயே கடை இருந்தாக வேண்டும். மரக்காரன், ஏறுகிறவன், பானை செய்கிறவன், சுண்டல் விற்கும் பாட்டி என்று காசு அந்த ஊருக்குள்ளேயே சுற்றியது. பாட்டில் சரக்கு அப்படி இல்லை. எங்கேயோ கம்பெனியில் தயாராகி லாரியில் வருகிறது. காசும் அதே லாரியில் போய்விடுகிறது.

ஒரு குவாட்டர் எவ்வளவு கள்ளுக்கு சமம்?

கள்ளில் ஆல்கஹால் 100-க்கு சுமார் 5 பங்கு. பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டிலில் 42.8 பங்கு. கணக்கு போட்டால் 180 மில்லி குவாட்டரில் இருக்கும் ஆல்கஹால், சுமார் ஒன்றரை லிட்டர் கள்ளில் இருக்கும் அளவு!

ஒன்றரை லிட்டர் கள்ளை உட்கார்ந்து குடிக்க ஒரு சாயங்காலம் ஆகும். குவாட்டரை நின்றபடியே 5 நிமிடத்தில் ஊத்திக்கொண்டு போய்விடுகிறான். போதையும் வேகம், உடம்பு கெடுவதும் வேகம்.

அதற்காக கள் நல்லது என்று அர்த்தம் இல்லை. தினமும் குடித்தால் கள்ளும் குடிதான். அன்றைக்கு கூலியை கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு போனவர்கள் ஏராளம். கடையை மூடியபோது அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் வீட்டில் இருந்த பெண்கள்தான்.

எல்லையில் நடந்த கொடுமை

கடையை மூடினால் குடி நின்றுவிடுமா? இதற்கு நம்ம எல்லையிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது.

கர்நாடகத்தில் பாக்கெட் சாராயம் சக்கை போடு போட்டது. 2007 ஜூலை 1-ந் தேதி அந்த மாநில அரசு சாராயத்துக்கு தடை போட்டது. விலை குறைந்த சரக்கு போனதும் ஏழைகள் தேடிப்போனது கள்ளச்சாராயத்தை.

அடுத்த வருடமே, 2008 மே மாதம், பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விஷ சாராயம் குடித்து 150-க்கும் அதிகமானோர் செத்தார்கள். ஓசூர் பக்கமும் சாவு விழுந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலித்தொழிலாளிகள்.

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதியில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். காரணம் எல்லா இடத்திலும் ஒன்றே: மெத்தனால்.

மெத்தனால் பெயிண்டு, ரசாயன தொழிற்சாலைகளில் பயன்படும் பொருள். வாசனையில் சாராயம் மாதிரியே இருக்கும். உள்ளே போனதும் அமிலமாக மாறி முதலில் கண்ணை பறிக்கும், பிறகு உயிரை பறிக்கும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல், மூச்சு திணறல் வரும். அப்போது "தூங்கினா சரியாயிடும்" என்று விட்டுவிட்டால் அவ்வளவுதான். உடனே 108-க்கு போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து தாமதித்தால் உயிர் மிஞ்சாது. சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு.

கள்ளக்குறிச்சி சம்பவத்துக்கு பிறகு, கள்ளச்சாராயத்தால் சாவு ஏற்பட்டால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்படி 2024-ல் மதுவிலக்கு சட்டம் திருத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது.

டாஸ்மாக்கும் குறைகிறது

இப்போது பூட்டு டாஸ்மாக் பக்கமும் திரும்பி இருக்கிறது. 2016 மே மாதம் ஜெயலலிதா 500 கடைகளை மூட கையெழுத்து போட்டார். கடை திறக்கும் நேரமும் காலை 10 மணியில் இருந்து பகல் 12 மணி ஆனது. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி மேலும் 500 கடைகளை மூடினார்.

நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் 2017 ஏப்ரல் 1-ந் தேதி ஒரே நாளில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கு பூட்டு விழுந்தது. அந்த கடைகளை ஊருக்குள் கொண்டு வந்தபோது பல இடங்களில் பெண்கள் திரண்டு மறியல் செய்தார்கள். 2023 ஜூனில் இன்னும் 500 மூடப்பட்டு, கடை எண்ணிக்கை 5 ஆயிரத்துக்கு கீழே வந்தது.

கடை குறைந்தாலும் வருமானம் குறையவில்லை. 2023-24-ம் ஆண்டில் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

மறுபடி திறக்குமா?

தடையை நீக்க வேண்டும் என்று தமிழ்நாடு கள் இயக்க தலைவர் செ.நல்லசாமி பல வருடமாக போராடி வருகிறார். கள் போதைப்பொருள் அல்ல, உணவு என்பது அவர் வாதம். 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டத்தில் பனை ஏறி கள் இறக்கி பரபரப்பை ஏற்படுத்தினார். கேரளாவில் கள்ளுக்கடை லைசென்சோடு நடக்கிறது, இங்கே மட்டும் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள்.

எதிர் தரப்பு சொல்வது கலப்படம். கள்ளுக்கு கிராக்கி கூடினால் மரத்தில் வடிவது பத்தாது. தண்ணீரை ஊத்தி, போதை மாத்திரையை கலந்து விடுவார்கள். 2025 ஜூலையில் ஐதராபாத்தில் கலப்பட கள் குடித்து பலர் இறந்தது இதற்கு சாட்சி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாளைக்கே அரசு அனுமதி கொடுத்தாலும் மரம் ஏற ஆள் எங்கே? 1937-ல் கடை மூடியதும் ஏறுகிறவர்களை பனைவெல்லம் காய்ச்ச சொன்னார்கள். அதில் கட்டுப்படி ஆகவில்லை. அடுத்த தலைமுறை கம்பெனிக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. அருவாள் பிடித்த வீட்டில் இன்று அதை பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர், இருவர்தான். பல பனைகள் செங்கல் சூளைக்கு விறகாக போய்விட்டன.

கள்ளுக்கடையை திறப்பதா, டாஸ்மாக்கை மூடுவதா என்பதை அரசு முடிவு செய்யட்டும். கல்லாவி பக்கம் உழைத்து சாப்பிடும் குடும்பங்களுக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று: கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறைவில் விற்கும் சாராயத்தை தொடாதீங்க. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க போய் வீட்டையே நடுத்தெருவில் விட்டுப்போன கதை, கருணாபுரத்தில் நடந்து இன்னும் ஆறவில்லை.