மலைச் சாலையும் ஆல்டர்னேட்டரும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஜவ்வாது மலையின் இருள் அடர்த்தியானது. காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு அந்த இருளும் ஒரு காரணம். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. ஆனால் இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் ஜீப்புக்கு முகப்பு விளக்கே கண். அக்கண்ணுக்கு ஒளி தருவது எது? பேட்டரி என்பர் பலர். பேட்டரி சாமைக் குதிர் போன்றது. அதை நிரப்பும் வயலே ஆல்டர்னேட்டர்.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வழியாக ரோட்டார் என்னும் மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சூழ்ந்துள்ள ஸ்டேட்டார் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்திசை மின்னோட்டமாக்குகின்றன. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைச் சுமார் 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. பழைய டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது, ஆல்டர்னேட்டர் தரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இது பெரும் நன்மை.

பராமரிப்பு எளிது. என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துக. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் சரி. வெடிப்பு கண்டால் மாற்றிவிட வேண்டும். மீட்டரை பேட்டரியில் வைத்தால், நல்ல நிலையில் என்ஜின் நிற்கையில் சுமார் 12.6 வோல்ட்டும், ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரையும் காட்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது எனக் கொள்க. என்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சோதிப்பது தவறு; டயோடுகள் கெடும்.

ஓட்டத்தில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் அலட்சியம் கூடாது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் ஒளியோடு என்ஜினும் போய்விடும். பெல்ட்டின் விலை சிறிது. அதை நம்பி மலையிறங்கும் உயிர் பெரிது அன்றோ!