மின்படியின் ஓரத்துத் தூரிகை

சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தொகுதிக்குத்தான் போகவேண்டியிருக்கிறதாம். வெயிலுக்கும் அதுதான் புகலிடம், மழைக்கும் அதுதான். ஆனால் அவருடைய நான்கு வயது மகனுக்குப் பொம்மைக் கடையும் வேண்டாம், ஐஸ்கிரீமும் வேண்டாம். மின்படியில், அதாவது எஸ்கலேட்டரில், ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் போதும். “அதில் அப்படி என்னதான் இருக்கிறது ஐயா? பயமில்லாமல் ஏற விடலாமா?” என்று கேட்கிறார்.

மகனின் ரசனையில் ஒரு குறையும் இல்லை. மின்படி முதலில் மக்கள் முன் வந்ததே வேடிக்கைப் பொருளாகத்தான். 1896இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ஜெஸ்ஸி ரெனோ என்ற பொறியாளர் ஒரு சாய்வான ஓடுபட்டையை நிறுவினார். அது ஆளைத் தூக்கிவிட்ட உயரம் சுமார் 2 மீட்டர். அதற்கே கூட்டம் கூடியது. 1898இல் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் இதே மாதிரி ஒன்று வந்தபோது, ஏறி முடித்துப் படபடத்து நின்றவர்களுக்குப் பிராந்தி கொடுத்துத் தேற்றினார்கள்.

மோட்டார், சங்கிலி, பற்சக்கரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. படி எப்படிப் படியாகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஜோடிச் சக்கரங்கள் உண்டு. இரண்டு ஜோடியும் தனித்தனித் தண்டவாளங்களில் ஓடுகின்றன. தண்டவாளங்களின் அமைப்பு மாறும் இடத்தில் தரைபோல் கிடந்த படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்புகின்றன. மேலே போனதும் மறுபடி மட்டமாகின்றன. அந்தச் சிறுவன் வாய்பிளந்து பார்ப்பது இதைத்தான்.

என் மனம் லயிப்பது ஓரங்களில். ஓடும் பொருளும் ஓடாத பொருளும் உரசிக்கொண்டு நிற்கும் இடங்கள் அவை. படியின் மேற்பரப்பில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கின்றன அல்லவா? இரு முனைகளிலும் உள்ள சீப்பின் பற்கள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி நிற்கும். அதனால் செருப்பு நுனியோ குப்பையோ உள்ளே போகாமல் மேலே ஏறிவிடும். ரெனோவின் இயந்திரத்திலேயே இந்த யுக்தி இருந்தது. அவருக்குப் போட்டியாக வந்த சார்லஸ் சீபர்கரின் படிகளோ வழவழப்பானவை, சீப்பு கிடையாது. அதனால் கடைசியில் ஒரு தடுப்பைக் குறுக்காகச் சாய்த்து வைத்து, பயணிகளைப் பக்கவாட்டில் இறங்கச் செய்தார்கள். இருவர் யோசனையையும் இணைத்து இன்றைய வடிவம் வந்தது 1920களில்தான்.

சீப்பு முன்னும் பின்னும் காக்கிறது. பக்கவாட்டைக் காப்பது யார்? படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் செய்ய முடியாது. ஐரோப்பியத் தரவிதி ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர்வரை அனுமதிக்கிறது. அந்தக் கீறலுக்கு மேலே நீளமாக ஒரு தூரிகை ஓடுகிறதே, அதுதான் இந்த இயந்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. காலை உறுத்தி, “தள்ளி நில்” என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. பெரியவர்களே அதில் காலணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைத்தானே கற்றுக்கொள்ளும்!

மென்மையான ரப்பர் காலணி இன்னும் ஆபத்து. அது சுவரைத் தொட்டால் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். படி தொடர்ந்து இழுக்க, காலணி நசுங்கி, 4 மில்லிமீட்டருக்குள்ளும் நுழைந்துவிடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2008இல் விடுத்த எச்சரிக்கையில், 2006 ஜனவரியிலிருந்து காலணி சிக்கிய 77 சம்பவங்களைக் குறிப்பிட்டது. அவற்றில் இரண்டைத் தவிர மற்றவை எல்லாமே இத்தகைய மென்காலணிகளால் நேர்ந்தவை.

எங்கள் ஊர் மாவு மில்லில், பட்டை ஓடும் பக்கம் எந்தப் பிள்ளையையும் அண்ட விடமாட்டார்கள். அங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. கடைத்தொகுதியில் அதே ஓட்டத்தைப் பளபளக்கும் எஃகுத் தகட்டால் மூடிவிட்டோம். பயத்தோடு கவனமும் போய்விட்டது. பிள்ளை படியில் உட்கார்ந்திருக்கிறது, தாய் தகப்பன் கைப்பேசியில் இருக்கிறார்கள். குழந்தையோடு தள்ளுவண்டியை மின்படியில் சாய்த்து ஏற்றுகிறார்கள். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்; மின்தூக்கி வந்து திறந்தால், நடக்கத் தெம்புள்ளவர்களே அதை நிரப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் இறங்கி மின்படிக்குப் போனால், தள்ளுவண்டிக்கு இடம் கிடைக்கும்.

ஆகவே அம்மா, மகன் தாராளமாக ஏறட்டும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, படியின் நடுவில், முன்பக்கம் பார்த்து நிற்கட்டும். காலணியின் வார் மாட்டியிருக்கட்டும். மேலும் கீழும் உள்ள சிவப்புப் பொத்தானை நீங்கள் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தினாலும் மின்படி சட்டென்று நின்றுவிடாது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போவது திடீரென நின்றால் எல்லாரும் உருண்டுவிடுவார்கள். அதனால் 20 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர்வரை நகர்ந்தே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். “கைப்பிடியைப் பிடியுங்கள்!” என்று குரல் கொடுத்துவிட்டு அழுத்துங்கள்.

இறங்கும்போது சீப்பையும் ஒருமுறை பாருங்கள். பல் ஒன்று உடைந்திருந்தால் தகவல் முகப்பில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தச் சீப்பு சிறு சிறு துண்டுகளாகத் திருகாணியில் பொருத்தப்பட்டது. பழுதான துண்டை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.