மூன்றாவது எண் தரும் வாக்கு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். ஒரு லைப்ரரியின் வெர்ஷன் 2.4.1 என்றால் அந்த மூன்று எண்களும் மூன்று வாக்குகள். முதல் எண் மாறினால், உங்கள் பழைய நிரல் உடையலாம். நடு எண் மாறினால், புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, பழசுக்குப் பங்கமில்லை. கடைசி எண் மாறினால் பிழைதிருத்தம் மட்டும். இதை நம்பித்தான் பின்னிரண்டு எண்களையும் தானாக ஏறவிட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கிறோம்.

தெரியாமலே வாக்கு தவறுவதும் உண்டு. 2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பயன்படுத்தும் இஸ்-பிராமிஸ் லைப்ரரியின் 2.2.0 வெளியானது. கொடுத்த பொருள் பிராமிஸ்தானா என்று பார்த்துச் சொல்லும் சில வரி ஃபங்ஷன், அவ்வளவுதான். அந்த வரிகளில் பிழையே இல்லை. புது வகை மாட்யூல்களுக்காக பேக்கேஜ் ஃபைலில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்தபோது, ஃபைல் பெயருக்கு முன்னால் வரவேண்டிய ஒரு புள்ளியும் சாய்கோடும் விடுபட்டுவிட்டன. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் அதை ஏற்க மறுத்தது. இந்த லைப்ரரியைச் சார்ந்திருந்த கிரியேட் ரியாக்ட் ஆப்பில் அன்று புதிதாக புராஜெக்ட் தொடங்கியவர்களுக்கு முதல் அடியிலேயே எரர். 2.2.1 வந்தும் முழுசாகத் தீரவில்லை; 2.2.2 வந்த பிறகே சரியானது. எந்த வெர்ஷன் என்று பதிந்து வைக்கும் லாக் ஃபைலில் பழைய வெர்ஷனைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? இந்த மூன்று எண்களுக்காக டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய செம்வர் விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வெளியான வெர்ஷனுக்குள் கை வைக்கக் கூடாது. அதே எண்ணில் உள்ளடக்கத்தை மாற்றினால், லாக் ஃபைலில் பதிந்திருக்கும் ஹாஷ் பொருந்தாமல் போகும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இருவர் வெவ்வேறு பொருளை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய நடத்தையைத் திருப்பிக் கொண்டுவந்து அடுத்த எண்ணில் வெளியிடுங்கள். எந்த வெர்ஷன் கெட்டது என்பதைப் பெயர் சொல்லி எழுதிவையுங்கள். ரஸ்ட்டின் கிரேட்ஸ், பைத்தானின் பைபிஐ ஆகிய பேக்கேஜ் தளங்களில் கெட்ட வெர்ஷனை 'யாங்க்' செய்யலாம். புதிதாக வருபவர்களுக்கு அது கிடைக்காது, ஏற்கெனவே அதைப் பூட்டியிருப்பவர்களின் பில்டும் நிற்காது. அழகான ஏற்பாடு அது.

சிக்கல் எங்கே என்றால், தவறு ஆறு மாதம் கழித்துத் தெரியும்போதுதான். அதற்குள் பலர் புது நடத்தையை நம்பிக் கட்டியிருப்பார்கள். திருப்பினால் அவர்கள் உடைவார்கள். உங்கள் மதிப்பீட்டின்படி முடிவெடுங்கள், தேவையானால் முதல் எண்ணையே ஏற்றுங்கள் என்கிறது செம்வர். என் கருத்தும் அதுவே: ஓரிரு நாளில் தெரிந்தால் யோசிக்காமல் திருப்புங்கள், மாதங்கள் ஓடிவிட்டால் முதல் எண்ணை ஏற்றுங்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒன்று. லைப்ரரியைப் பராமரிப்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல், விடுமுறை நாளில் உட்கார்ந்து சரிசெய்கிறார். அவரைத் திட்டி எழுதாதீர்கள். எந்த வெர்ஷனில் ஓடியது, எந்த வெர்ஷனில் நின்றது, எரரின் முழு வரி என்ன, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.