பிந்தி வரும் வசந்தம்



2018ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, எம்மவர் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடிய நாளில், கனடாவின் ரொறன்ரோ நகரில் உறைமழை பெய்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்து ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகியிருந்தன. நாட்காட்டியின்படி வசந்தம் பிறந்து மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. ஆயினும் மரக்கிளைகளைப் பனிக்கட்டி மூடியது, மின்சாரம் தடைப்பட்டது, நூற்றுக்கணக்கான விமானப் பயணங்கள் இரத்தாயின.

அங்கு வாழும் எம் உறவுகள் இந்தச் சலிப்பை நன்கறிவர். நவம்பரில் தொடங்கும் குளிரைவிட, ஏப்ரலில் போக மறுக்கும் குளிரே மனிதரை அதிகம் சோர்வுறச் செய்கிறது. நவம்பரில் எவரும் வசந்தத்தை எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பு உள்ள இடத்திலேயே தாமதம் வலிக்கிறது. பனியைக் கண்டிராத எமக்கும் இவ்வலி புதியதன்று. தள்ளிப்போகும் திருமணம், கிடைக்காத வேலை, குணமாகாத நோய் ஆகியவற்றின் முன் நாமும் மன்றாடிக் களைத்திருக்கிறோம்.

ஆனால், வசந்தம் முந்தி வந்தால் என்ன நிகழும்? 2012 மார்ச் மாதத்தில் அதுவே நிகழ்ந்தது. தென் ஒன்ராறியோவில் கோடையை ஒத்த வெப்பம் வீசியது. மக்கள் மகிழ்ந்தனர். அப்பிள் மரங்களும் காலத்துக்கு முன்பே அரும்பின. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது, அரும்புகள் கருகின. அம்மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 வீதம் அவ்வாண்டில் அழிந்தது. எல்லோரும் விரும்பிய வெயிலே தோட்டக்காரரின் இழப்புக்கு வழிவகுத்தது.

அப்பிள் மரத்துக்குக் குளிர் பகையுமன்று. 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரத்தைக் கழித்தாலன்றிப் பல அப்பிள் இனங்கள் சரிவரப் பூப்பதில்லை. இலையுதிர்காலத்தில் விதைக்கப்படும் கோதுமையும் பல வாரக் குளிரைத் தாங்கிய பின்னரே கதிர்விடும். வெளியே எதுவும் நிகழாததுபோல் தோன்றும் நாட்களில் உள்ளே ஆயத்தம் நடைபெறுகிறது.

திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுபவரை எமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். அவர் கைகட்டி இருப்பவரல்லர். உழுது விதைத்து, தம்மால் இயன்றதைச் செய்து முடித்தவர். மழையை மட்டும் இறைவனிடம் விட்டவர். எம் கையில் இல்லாத காலத்தை எம் பதற்றத்தால் விரைவுபடுத்த இயலாது என்பதை அவர் அறிவார்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாத் தாமதங்களும் பருவகாலங்கள் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்ததென்று கேட்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியின் வீதியோரத்தில் அமர்ந்த அன்னையரிடம் சென்று, பொறுத்திருங்கள், வசந்தம் வரும் என்று கூறுவது நற்செய்தியாகாது. வசந்தம் தானாக வரும். நீதி தானாக வருவதில்லை. அந்தக் குளிரை நீடிக்கச் செய்பவர்கள் மனிதர்களே.

ஆகவேதான் ஆண்டவர் இயேசு வேறொரு காத்திருப்பையும் கற்பித்தார். லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் கைம்பெண், நேர்மையற்ற நடுவனின் வாசலுக்கு மீண்டும் மீண்டும் செல்கிறாள். அவளை அமைதியாக இருக்கும்படி இயேசு சொல்லவில்லை; மனந்தளராது மன்றாடுவோருக்கு அவளையே எடுத்துக்காட்டாக்கினார். பதின்மூன்றாம் திருப்பாடலும் இத்துயரம் எவ்வளவு காலத்துக்கு என்று நான்கு முறை கடவுளிடமே முறையிடுகிறது. அந்த முறையீடும் செபமே.

பயிரிடுபவரின் பொறுமையும் கைம்பெண்ணின் விடாமுயற்சியும் ஒரே விசுவாசத்தின் இரு கரங்கள். கைம்பெண்ணைப் போல் குரல் எழுப்ப வேண்டிய இடத்தில் பொறுமையைப் போதிப்பது கொடுமை. பயிரிடுபவரைப் போல் பொறுத்திருக்க வேண்டிய இடத்தில் பதறுவது அரும்பைக் கருக்கிவிடும்.

இவ்வாரம் எம் நெஞ்சை வாட்டும் தாமதம் ஒன்றை இறைவன் திருமுன் வைப்போம். அது இறைவன் கையிலுள்ள பருவமா, மனிதர் பூட்டிய கதவா என்று கேட்போம். பருவமாயின் பொறுத்திருக்கும் மனத்தையும், கதவாயின் தட்டும் துணிவையும் வேண்டுவோம். பிறர் தட்டும் கதவாயின், அவர்களோடு சேர்ந்து தட்டுவோம்.