வியாழனுக்கு இந்தப் பக்கம்

திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில் பொழுது விடிந்ததற்குச் சாட்சியாக ஆண்டாள் இரண்டு கோள்களைக் கூப்பிடுகிறாள். வெள்ளி உதித்தாயிற்று, வியாழன் மறைந்தாயிற்று. இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மு. இராகவையங்கார் அவள் காலம் 8-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது மார்கழிதோறும் காதில் விழும் வானியல்.

அந்த வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. வெஸ்டா மட்டும் அபூர்வமாகக் கண்ணுக்கு மங்கலாகத் தட்டுப்படும். மற்றவற்றுக்குத் தொலைநோக்கி வேண்டும். முதலாவதான சீரிஸ் 1801 ஜனவரி 1 அன்றுதான் சிசிலியில் பியாட்சியிடம் சிக்கியது. ஆசியாக் கண்டத்தில் முதல் சிறுகோள் பிடிபட்டது நம் நுங்கம்பாக்கத்தில். சென்னை வானாய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 இரவு அதைக் கண்டார். பெயரும் 'ஆசியா' என்றே ஆயிற்று. பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-இல் வேரா என்று மொத்தம் ஐந்து.

ஐந்தும் போக்சன் பெயரில்தான் இருக்கின்றன. அதே வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பற்றி இந்திய மொழிகளில் எழுதி, சாதாரண ஜனங்களுக்கும் விளக்கியவர். அவரைப் பற்றி நம் பள்ளிக்கூடங்கள் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் குறைதான்.

வேராவுக்குப் பிறகு 103 ஆண்டுகள் இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோளும் கிடைக்கவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையின் காவலூரில், 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் ஒன்றைப் பிடித்தார். இந்தத் தேடலுக்கு 'கல்கி' திட்டம் என்று பெயர். வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளியில் இரண்டு முறை படம் எடுப்பார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும்.

அவ்வளவோடு அது கண்டுபிடிப்பாகிவிடாது. முதலில் ஒரு தற்காலிகக் குறியீடுதான் கிடைக்கும். காவலூர்ப் புள்ளிக்குக் கிடைத்தது '1988 டிக்யூ1'. 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி. 'க்யூ1' என்றால் அந்தப் பாதியில் பதிவான 41-ஆவது பொருள். அதன் பிறகு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் இருக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சுற்றுப்பாதை உறுதிப்பட வேண்டும். அப்போதுதான் நிரந்தர எண். பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு, அதுவும் பத்தாண்டுக்குள். பெயர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. சர்வதேச வானியல் சங்கத்தின் குழு ஒப்ப வேண்டும். காவலூர்ச் சிறுகோளுக்கு வந்த எண் 4130, வைத்த பெயர் ராமானுஜன். ஈரோட்டில் பிறந்த அந்தக் கணித மேதைக்கு நூற்றாண்டு நிறைந்து இரண்டு மாதம்கூட ஆகாத சமயத்தில் பிடிபட்டது அது. பெயர்த் தேர்வில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

சிறுகோள்களின் பாதையை வகுப்பதில் வியாழனின் ஈர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. அதன் சுற்றுக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று கணக்குப் பொருந்தும் இடங்களில் இருந்த சிறுகோள்களை அது மெல்ல மெல்ல விலக்கிவிட்டது. அந்த இடங்கள் இன்று ஏறக்குறைய காலி. சூரியனுக்குப் பக்கத்தில் ஓடும் ஆசியாவுக்கு ஒரு சுற்றுக்கு 3.8 ஆண்டு, வெளி விளிம்பில் ஓடும் சில்வியாவுக்கு 6.5 ஆண்டு.

ஆசியாவின் குறுக்களவு ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற தூரம், சுமார் 60 கி.மீ. சில்வியா அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அதற்கு ரோமுலஸ், ரெமஸ் என்று இரண்டு நிலாக்கள் உண்டு. பெரியதான ரோமுலஸை 2001-இலும் ரெமஸை 2004-இலும் கண்டார்கள். இரட்டை நிலா இருப்பதாக முதலில் தெரியவந்த சிறுகோள் அதுதான். பிறகு கமில்லாவுக்கும் இரண்டு நிலாக்கள் இருப்பது தெரியவந்தது. நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கியில் இவை எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.