கணினி வன்தட்டை அடையாளம் காணாவிட்டால் செய்ய வேண்டியவை

கணினியில் தரவுகளை நிலையாகச் சேமித்து வைக்கும் கருவி வன்தட்டு ஆகும். பேச்சு வழக்கில் இதனை ஹார்ட் டிஸ்க் என்கிறோம். சில வேளைகளில், வன்தட்டு பொருத்தப்பட்டிருந்தும் அப்படி ஒன்று இல்லாததுபோலக் கணினி நடந்துகொள்ளும். கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற செய்தி தோன்றலாம். விண்டோஸில் நேற்றுவரை இருந்த டி டிரைவ் காணாமல் போகலாம். யூஎஸ்பி வழியாக இணைத்த வன்தட்டின் விளக்கு எரிந்தும் திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் பல. கழன்றுபோன கேபிளும் காரணமாகலாம். வன்தட்டின் உள்ளே ஏற்பட்ட சேதமும் காரணமாகலாம். முதலாவதை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதில் நாம் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் தரவுகளை மேலும் அழிக்கக்கூடும். எனவே எதையும் சரிசெய்யத் தொடங்குமுன், கோளாறு எந்த இடத்தில் உள்ளது என்று கண்டறிவதே முதல் வேலை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அந்த வன்தட்டில் உள்ள கோப்புகளுக்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா? இருந்தால் எல்லாச் சோதனைகளையும் தயங்காமல் செய்யலாம். ஆய்வேடு, குடும்பப் படங்கள், கடைக் கணக்கு போன்றவை அதில் மட்டுமே இருக்குமானால், பின்வரும் மூன்றையும் தவிர்க்க வேண்டும்.

1. 'ஃபார்மட் செய்ய வேண்டுமா' என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்க வேண்டாம்.

2. 'இனிஷியலைஸ்' செய்யும்படி கேட்டால், எதையும் அழுத்தாமல் அந்தச் சாளரத்தை மூடிவிடவும்.

3. 'செக் டிஸ்க்' கட்டளையை இயக்க வேண்டாம். அது கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவி; கோப்புகளை மீட்கும் கருவி அன்று. பழுதடைந்துவரும் வன்தட்டில் அது கோப்புப் பட்டியலை மாற்றி எழுதி நிலைமையை மோசமாக்கிவிடும்.

வன்தட்டு திரைக்கு வரும் வழி

கணினி ஒரு வன்தட்டை அடையாளம் காண்பது பல படிகளில் நிகழ்கிறது. மின்சாரம் கிடைத்ததும் வன்தட்டின் மோட்டார் சுழல்கிறது. வாசிப்புத் தலைகள் தட்டின் மேல் நகர்ந்து, ஒதுக்கப்பட்ட பகுதியில் உள்ள வன்தட்டின் சொந்தத் தகவல்களைப் படிக்கின்றன. அதன் பிறகே அது தாய்ப்பலகையின் அழைப்புக்குச் சரியாக மறுமொழி தரும். பயாஸ் அதன் பெயரையும் கொள்ளளவையும் கேட்டுப் பெறுகிறது. அடுத்து இயங்குதளம் தன் இயக்கி மென்பொருள் மூலம் அதனைத் தொடர்புகொண்டு, பகிர்வு அட்டவணையைப் படித்து, கோப்பு முறைமையைப் புரிந்துகொண்டு, இறுதியில் டி, ஈ போன்ற ஓர் எழுத்தைத் தருகிறது.

இதில் எந்தப் படி தடைபட்டாலும் பயனருக்குத் தெரிவது 'வன்தட்டைக் காணோம்' என்பதுதான். ஆகவே இரண்டு இடங்களைப் பார்த்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். ஒன்று பயாஸ், மற்றொன்று விண்டோஸில் உள்ள 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. பயாஸிலேயே தெரியாவிட்டால் கேபிள், மின்சாரம், பயாஸ் அமைப்பு, வன்தட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாவிட்டால் பெரும்பாலும் இயக்கி, பகிர்வு, கோப்பு முறைமை ஆகியவற்றில்தான் சிக்கல் இருக்கும்.

மின்சாரமும் கேபிளும்

கணினியை அணைத்து, சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சாட்டா வகை வன்தட்டில் இரண்டு இணைப்புகள் உண்டு. 7 முனைகள் கொண்டது தரவுக்கு. 15 முனைகள் கொண்டது மின்சாரத்துக்கு. இரண்டையும் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்தவும். பலனில்லையென்றால் வேறு தரவுக் கேபிளையும் தாய்ப்பலகையின் வேறு சாட்டா துளையையும் முயன்று பார்க்கவும்.

வன்தட்டு விட்டுவிட்டுத் தெரிகிறது என்றால், அதன் 'ஸ்மார்ட்' பதிவுகளைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் பார்க்கலாம். அதில் 199ஆம் எண் உள்ள சிஆர்சி பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போனால் கேபிளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் ஏறினால் தட்டின் பரப்பே கெட்டுவருகிறது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய எஸ்எம்பிஎஸ் வகைகளில், ஒரு நிறுவனத்தின் மின் கேபிளை மற்றொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகக் கூடாது. முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்றால் நல்ல வன்தட்டும் அந்த நொடியே கருகிவிடும்.

பழைய ஐடிஇ வன்தட்டுகளில் 40 முனை கொண்ட பட்டைக் கேபிள் இருக்கும். ஒரே கேபிளில் இரண்டு வன்தட்டுகள் இணைக்கப்பட்டு, இரண்டிலும் ஜம்பர் 'மாஸ்டர்' நிலையில் இருந்தால் கணினி குழம்பிவிடும். ஒன்றை 'ஸ்லேவ்' நிலைக்கு மாற்ற வேண்டும்.

பயாஸில் பார்க்க வேண்டியவை

கணினி தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திறக்கும். அந்தச் சாட்டா துளை முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். பல தாய்ப்பலகைகளில் எம்.2 துளையும் சில சாட்டா துளைகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. புதிதாக எம்.2 எஸ்எஸ்டி பொருத்தியதும் பழைய வன்தட்டு மறைந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். வன்தட்டை வேறு துளைக்கு மாற்றினால் போதும். எம்.2 வடிவில் சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு உள்ளன. சாட்டா வகையை மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்இ எஸ்எஸ்டி தெரியாது.

அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகளில் விண்டோஸை நிறுவும்போது வட்டுப் பட்டியல் காலியாக இருப்பதுண்டு. விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதே இதற்குக் காரணம். அதற்குரிய இயக்கியைப் பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' மூலம் ஏற்றினால் வட்டு தெரியும்.

விண்டோஸில் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறக்கவும். அங்கே காணும் நிலையைப் பொறுத்து அடுத்த வேலை அமையும்.

எழுத்து இல்லை: பகிர்வு நலமாக இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது சொடுக்கி ஓர் எழுத்தைத் தரலாம். தரவுக்குப் பாதிப்பில்லை.

'ஆஃப்லைன்': வட்டின் பெயர்மீது வலது சொடுக்கி 'ஆன்லைன்' ஆக்கவும்.

'நாட் இனிஷியலைஸ்டு': கடையிலிருந்து வாங்கிய புதிய வன்தட்டு என்றால் இது இயல்பானது. 'ஜிபிடி' முறையைத் தேர்ந்தெடுத்து, புதிய பகிர்வு உருவாக்கவும். பழைய 'எம்பிஆர்' முறையில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது. ஆனால் ஏற்கெனவே கோப்புகள் இருந்த வன்தட்டு இப்படிக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடவும்.

'ரா': கோப்பு முறைமையை விண்டோஸால் படிக்க முடியவில்லை. அது சிதைந்திருக்கலாம். அல்லது லினக்ஸிலோ மேக்கிலோ பயன்படுத்திய வன்தட்டாக இருக்கலாம். அவற்றின் கோப்பு முறைமைகளை அறியாத விண்டோஸ், நல்ல வன்தட்டையும் ஃபார்மட் செய்யச் சொல்லும். அது பயன்பட்ட கணினியிலேயே இணைத்துப் பார்ப்பது நல்லது.

யூஎஸ்பி வன்தட்டுகள்

யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் மின்னோட்டத்தையும் 3.0 துளை 900 மில்லியாம்பியரையும் தரும் வகையில் வரையறுக்கப்பட்டுள்ளன. சுழலத் தொடங்கும் நேரத்தில் வன்தட்டுக்கு மின்சாரம் அதிகம் தேவை. எனவே ஹப், நீண்ட கேபிள், பெட்டியின் முன்பக்கத் துளை ஆகியவற்றை விடுத்து, பின்பக்கத் துளையில் நேரடியாக இணைத்துப் பார்க்கவும். 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் தேவைப்படுவதால் தனி அடாப்டர் இல்லாமல் அது சுழலாது.

ஒலி சொல்லும் செய்தி

'டிக், டிக்' என்ற ஒலி சீராகத் திரும்பத் திரும்பக் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தவும். வாசிப்புத் தலைகள் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதக்கின்றன. சேதமடைந்த தலை, ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டைச் சுரண்டக்கூடும். வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பழைய யோசனையைப் பின்பற்ற வேண்டாம். உள்ளே ஈரம் படியும். வீட்டில் மூடியைத் திறந்தால் தூசி புகும். அதே மாதிரி வேறொரு வன்தட்டின் மின்சுற்றுப் பலகையை மாற்றுவதும் இன்று பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய தனி அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சிப்பில் பதிவாகியுள்ளன.

தட்டு நலமாக இருந்தும் வன்தட்டு தெரியாமல் போவதுண்டு. 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வகை வன்தட்டுகள் பல, திடீரென்று பயாஸில் தெரியாமல் போயின. அவற்றை இயக்கும் நிலைபொருளில் இருந்த பிழையே காரணம். தரவுகள் தட்டில் அப்படியே இருந்தன. நிறுவனம் திருத்திய நிலைபொருளை வெளியிட்டது. அன்று அவசரப்பட்டு வன்தட்டைத் தூக்கி எறிந்தவர்கள் நலமாக இருந்த தரவுகளையும் சேர்த்தே எறிந்தார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2019இல் ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம், தன் எஸ்எஸ்டி வகைகள் சில 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும் என்றும், அதன்பின் தரவை மீட்க இயலாது என்றும் அறிவித்தது. புதிய நிலைபொருளை முன்கூட்டியே ஏற்றுவது மட்டுமே அதற்குத் தீர்வு.

தரவை மீட்கும் வரிசை

வன்தட்டு தெரிகிறது, ஆனால் படிப்பதில் பிழை வருகிறது என்றால் நேரடியாக அதில் மீட்பு மென்பொருளை இயக்கக் கூடாது. முதலில் டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் முழு வன்தட்டையும் வேறொரு நல்ல வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயலும். அதன் பிறகு அந்த நகலில் டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருள்களை இயக்கலாம். நகலில் தவறு நேர்ந்தால் மீண்டும் ஒரு நகல் எடுக்கலாம். பயாஸிலேயே தெரியாத, ஒலி எழுப்பும் வன்தட்டைத் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதே வழி. அதற்கு முன் அதை இயக்கிப் பார்க்கும் தடவைகள் குறைவாக இருக்கும் அளவுக்கு மீட்கும் வாய்ப்பு கூடும்.

வன்தட்டு எல்லா நேரமும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பழுதாவதில்லை. எஸ்எஸ்டி ஓசையே இல்லாமல் மறைந்துவிடும். எனவே முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. இணையச் சேமிப்பகத்தில் ஒரு பிரதியும் வெளி வன்தட்டில் ஒரு பிரதியும் வைத்திருந்தால் இந்த அளவு நிறைவேறிவிடும். அப்படி வைத்திருப்பவருக்கு, வன்தட்டு அடையாளம் காணப்படாத நாளில் மாற்ற வேண்டியது வன்தட்டு மட்டுமே.